கஃபர் காசிமில் மாலை ஐந்து மணி

1946 பிப்ரவரியில் டெல் அவிவ் நகரில் யூத வழக்கறிஞர்கள் மாநாடு ஒன்று கூடியது. பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. முந்தைய ஆண்டு அவர்கள் பிறப்பித்திருந்த அவசரகாலப் பாதுகாப்பு விதிகளைக் கண்டிப்பதற்காகவே வழக்கறிஞர்கள் திரண்டிருந்தார்கள். அந்த விதிகளின்படி ஒரு ராணுவத் தளபதி கையெழுத்துப் போட்டால் போதும். யாரையும் விசாரணையின்றி அடைத்து வைக்கலாம், நாடு கடத்தலாம், வீட்டை இடிக்கலாம். ஒரு வட்டாரத்தையே மூடி, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று ஆணையிடலாம். அன்று பேசியவர்களில் ஒருவர் யாகோவ் ஷிம்ஷோன் ஷாபிரா. நாஜி ஜெர்மனியில்கூட இப்படிப்பட்ட சட்டங்கள் இருந்ததில்லை என்றார் அவர். ஆஷ்விட்ஸ் முகாமின் கதவுகள் திறக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த அரங்கில் அப்படி ஒரு ஒப்பீட்டைச் சொல்வது எளிய காரியமல்ல.

இரண்டே ஆண்டுகளில் இஸ்ரேல் பிறந்தது. ஷாபிராவே அதன் முதல் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஆனார். பிரிட்டிஷ் விதிகளில் யூதர்களின் குடியேற்றத்தைத் தடுத்த பிரிவுகள் மட்டும் நீக்கப்பட்டன. மற்றவை அப்படியே புதிய அரசின் கைக்கு வந்தன. விடுதலை பெற்ற நாடுகள் பழைய எஜமானர் விட்டுப்போன சட்டங்களை எடுத்து வைத்துக்கொள்வது நமக்கும் தெரிந்த கதைதான். ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்த இந்தியா, குடியரசான அதே 1950-ல் தடுப்புக்காவல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் இஸ்ரேலில் இந்த விதிகள் நடைமுறையில் மக்களில் ஒரு பகுதியினர் மீது மட்டுமே, 18 ஆண்டுகள் இடைவிடாமல் பாய்ந்தன. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த 18 ஆண்டுகளைத்தான்.

ஐ.நா. சபை 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்க வாக்களித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் திட்டத்தில் இருந்த ஒரு கணக்கை இங்கே நினைவுபடுத்த வேண்டும். யூத அரசுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் 4,98,000 யூதர்களும் 4,07,000 அரேபியர்களும் இருப்பதாக ஐ.நா. குழு கணக்கிட்டிருந்தது. நெகேவ் பாலைவனத்து பெதூயின்கள் இதில் சேரவில்லை. அதாவது, வரைபடத்தில் யூத அரசு என்று எழுதப்பட்ட நிலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர் அல்லாதவர்கள். அந்தப் பாதிப் பேர் அங்கே குடிமக்களாக எப்படி வாழ்வார்கள்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் இஸ்ரேலின் பகைவர்கள் என்று நினைப்பது தவறு. எருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸ், தத்துவவாதி மார்ட்டின் பூபர் ஆகியோர் 1942-ல் 'இஹுத்' என்ற அமைப்பைத் தொடங்கியதே இதற்காகத்தான். இரு இனங்களும் சம உரிமையோடு ஆளும் ஒரே நாடு வேண்டும் என்றார்கள். அவர்களோடு பேச முன்வந்த அரபுத் தலைவர் ஃபவ்ஸி அல் ஹுசைனி, 1946 நவம்பரில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்ட சில நாட்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாக்னஸ் 1948 அக்டோபரில் நியூயார்க்கில் காலமானார். யூத சமூகத்தில் அவர்கள் பக்கம் நின்றவர்கள் எப்போதும் சிறு கூட்டம்தான். ஐரோப்பாவில் 60 லட்சம் பேரைப் பறிகொடுத்த ஒரு மக்களிடம், உங்களுக்கென்று ஒரு நாடு வேண்டாம் என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

1948 மே 14 அன்று டெல் அவிவ் அருங்காட்சியகத்தில் வாசிக்கப்பட்ட பிரகடனம், மதம், இனம், பால் வேறுபாடின்றி அங்கே வாழும் எல்லோருக்கும் முழுச் சமூக, அரசியல் சமத்துவம் என்று உறுதி தந்தது. 1948 போர் ஓய்ந்தபோது பழைய பாலஸ்தீனத்தின் 78 சதவீத நிலம் இஸ்ரேலிடம் இருந்தது. சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளாகியிருந்தார்கள். எல்லைக்குள்ளே எஞ்சியவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஐ.நா. கணக்கில் பாதியாக இருந்த மக்கள் இப்போது சிறுபான்மை. அவர்களுக்கும் வாக்குரிமை தரப்பட்டது. 1949 ஜனவரியில் நடந்த முதல் தேர்தலில் வாக்களித்தார்கள். நெசெட் எனப்படும் நாடாளுமன்றத்தில் மூன்று அரபு உறுப்பினர்கள் அமர்ந்தார்கள்.

அதே சமயம் அவர்கள் வாழ்ந்த ஊர்களில் பெரும்பாலானவை ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தன. வடக்கே கலிலேயா, நடுவே 'முக்கோணம்' எனப்பட்ட எல்லையோரக் கிராமங்கள், தெற்கே நெகேவ். மூன்று வட்டாரங்களுக்கும் ராணுவ ஆளுநர்கள். 125-ஆவது விதியின்படி இவை மூடிய பகுதிகள். வேலைக்கோ, மருத்துவமனைக்கோ, பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்கோ போக வேண்டுமானால் ஆளுநர் அலுவலகத்தில் காத்துக் கிடந்து சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறார், எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழி மாறினாலோ நேரம் தப்பினாலோ ராணுவ நீதிமன்றம். விதியில் எங்கும் அரேபியர் என்ற பேச்சே கிடையாது. ஒரு பகுதி மூடப்பட்டுள்ளது என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் அதே பகுதியில் வசித்த யூதர்களிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

பாதுகாப்புதான் காரணம் என்று அரசு சொன்னது. அந்த அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1948 போரில் சுமார் 6,000 யூதர்கள் இறந்தார்கள். நூறில் ஒருவர். எல்லை தாண்டி வந்த ஆயுதக் குழுக்கள் 1950-களில் யூதக் குடியிருப்புகளைத் தாக்கின. 1954 மார்ச்சில் நெகேவின் மலைச்சரிவு ஒன்றில் ஒரு பேருந்தை மறித்துப் பயணிகள் 11 பேரைக் கொன்றார்கள். அவர்களும் குடிமக்கள்தான். அந்தச் சாவுகளைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு.

ஆனால் அந்தச் சீட்டுகள் எதற்கெல்லாம் பயன்பட்டன என்று பார்த்தால், பாதுகாப்பு அதில் ஒரு பங்குதான். நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயியின் வயல் மூடிய பகுதிக்குள் போய்விடுகிறது. சீட்டு கிடைக்காததால் அவரால் உழ முடியவில்லை. 1953-ல் ஒரு நில எடுப்புச் சட்டம் வருகிறது. 1952 ஏப்ரல் 1 அன்று உரிமையாளரின் அனுபவத்தில் இல்லாத நிலம், குடியேற்றத்துக்கோ பாதுகாப்புக்கோ வளர்ச்சிக்கோ தேவைப்பட்டிருந்தால், அரசுக்குச் சொந்தம் என்கிறது அது. அனுபவத்தில் ஏன் இல்லை என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1950-ல் வந்த 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' இன்னும் கடுமையானது. போரின்போது சொந்த ஊரை விட்டுப் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடியிருந்தாலும் சொத்தைப் பொறுத்தவரை அவர் நாட்டில் இல்லாதவர். இஸ்ரேலியக் குடிமகனாக வாக்களிப்பார், ஆனால் தன் வீட்டைத் திரும்பக் கேட்க முடியாது. கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் குடும்பம் இப்படித்தான் அல் பிர்வா கிராமத்தை இழந்தது.

வாக்கும் இந்தக் கணக்கில் அடக்கம். யாருக்குச் சீட்டு, யாருக்கு ஆசிரியர் வேலை என்பதை முடிவு செய்தவர்கள் ராணுவ ஆளுநரும் உளவுத்துறையும்தான். ஆளும் மப்பாய் கட்சியோடு சேர்ந்த அரபுப் பட்டியல்களுக்குத் தேர்தல்தோறும் வாக்குகள் குவிந்ததில் வியப்பில்லை.

நீதிமன்றத்துக்குப் போனால் நியாயம் கிடைத்ததா? லெபனான் எல்லையோரம் இக்ரித் என்றொரு கிறிஸ்தவக் கிராமம். சுமார் 500 பேர். 1948 இறுதியில் ராணுவம் வந்தபோது இவர்கள் எதிர்க்கவில்லை. இரண்டு வாரம் வெளியே இருங்கள், பிறகு திரும்பலாம் என்று சொல்லி வண்டியேற்றினார்கள். வாரங்கள் ஆண்டுகளாயின. ஊர்மக்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். 1951 ஜூலையில் நீதிபதிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ராணுவம் உடனே, அவசரகால விதிகளின்படி முறையான வெளியேற்ற ஆணை ஒன்றைத் தயாரித்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸையொட்டி இக்ரித்தின் வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தேவாலயம் மட்டும் விடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஊர்மக்கள் கேட்டார்கள். 1972-ல் கோல்டா மேயிர் அரசு மறுத்துவிட்டது. இவர்களை அனுமதித்தால் மற்ற ஊர்களும் இதே கோரிக்கையோடு வரும் என்பது முக்கியமான காரணம். இந்த 18 ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்தும் வழக்கு இதுதான். சுடவில்லை, ஓடவில்லை, சட்டத்தை நம்பினார்கள், வழக்கில் வென்றார்கள். அதற்குப் பிறகும் வீடு இல்லை.

கஃபர் காசிம் டெல் அவிவுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1949-ல் ஜோர்டானோடு செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி இஸ்ரேலுக்குள் வந்த முக்கோணக் கிராமங்களில் ஒன்று. அன்று மக்கள்தொகை சுமார் 2,000. நிலத்தில் ஒரு பகுதி போய்விட்டதால் ஆண்களும் பெண்களும் கல்குவாரிகளுக்கும், யூத ஊர்களின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குப் போய் வந்தார்கள்.

1956 அக்டோபர் 29. எகிப்து மீது இஸ்ரேல் படையெடுத்த நாள். ஜோர்டானும் போரில் இறங்கலாம் என்ற எதிர்பார்ப்பில் அந்த எல்லையில் இருந்த கிராமங்களுக்கு ஊரடங்கு விதிக்க முடிவானது. படைப்பிரிவுத் தளபதி கர்னல் இஸ்ஸகார் ஷத்மி, வழக்கமான இரவு ஊரடங்கை மாலை 5 மணிக்கே தொடங்கச் சொன்னார். அவர் கீழ் இருந்த எல்லைக் காவல்படையின் மேஜர் ஷ்முவேல் மலின்கி, வேலைக்குப் போனவர்கள் தெரியாமல் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்டதாகப் பின்னர் சாட்சி சொன்னார். அதற்கு ஷத்மி அரபியில் 'அல்லா யெரஹ்மு' என்றாராம். கடவுள் அவர்மேல் இரங்கட்டும், இறந்தவரைப் பற்றிச் சொல்வது. ஷத்மி இதை மறுத்தார். மலின்கி தன் அதிகாரிகளிடம் ஊரடங்கை மீறி வெளியே இருப்பவர்களைச் சுடலாம் என்றார். பெண்கள், குழந்தைகள்? அவர்களுக்கும் அதேதான்.

கஃபர் காசிம் முக்தாருக்கு, அதாவது ஊர்த்தலைவருக்கு, 4.30 மணிக்குத்தான் தகவல் வந்தது. 400 பேர் வெளியே வேலைக்குப் போயிருக்கிறார்கள், அரைமணி நேரத்தில் எப்படிச் சொல்லி அனுப்புவேன் என்று அவர் பதறினார். திரும்பி வருகிறவர்களை விட்டுவிடுவோம் என்று காவல்படை சார்ஜென்ட் வாக்குக் கொடுத்தார்.

5 மணிக்குப் பிறகு முதலில் வந்தவர்கள் சைக்கிளில் வந்தார்கள். எங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறீர்கள், எந்த ஊர் என்று கேட்டு, வரிசையில் நிற்க வைத்துச் சுட்டார்கள். அடுத்து மாட்டு வண்டி, அடுத்து லாரி. கடைசியாக வந்த லாரிகளில் ஒன்றில் ஆலிவ் பறித்துவிட்டுத் திரும்பிய பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஊர்க்காரர்கள் சொல்லும் எண்ணிக்கை 49. ஒரு கர்ப்பிணியின் வயிற்றிலிருந்த சிசுவும் அதில் சேர்த்தி. எல்லோரும் இஸ்ரேலியக் குடிமக்கள்.

இங்கே மறக்கக்கூடாத ஒன்று உண்டு. இதே ஆணை பக்கத்துக் கிராமங்களில் நின்ற அதிகாரிகளுக்கும் போனது. அவர்களில் பலர், தாமதமாக வந்த கூலித் தொழிலாளர்களை வீட்டுக்குப் போகவிட்டார்கள். மனசாட்சிக்கு இடமிருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி. கஃபர் காசிமில் நின்ற லெப்டினன்ட் காப்ரியேல் தஹான் மட்டும் ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்.

தணிக்கை செய்தியை அமுக்கியது. நாடாளுமன்றப் பாதுகாப்பு உள்ளவர்களால்தான் அதை உடைக்க முடிந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் தவ்ஃபீக் தூபியும் மேயிர் வில்னரும், ஓர் அரேபியரும் ஒரு யூதரும், மூன்று வாரம் கழித்துத் தடையை மீறி ஊருக்குள் போனார்கள். கண்டதையும் கேட்டதையும் தூபி ஓர் அறிக்கையாக எழுதினார். அச்சிட எந்தப் பத்திரிகைக்கும் அனுமதி இல்லாததால் பிரதியெடுத்துப் பிரமுகர்களுக்கும் தூதரகங்களுக்கும் அஞ்சலில் அனுப்பினார்கள். மப்பாம் கட்சியைச் சேர்ந்த லத்தீஃப் தோரி என்ற இளைஞர் மருத்துவமனையில் கிடந்த காயம்பட்டவர்களிடம் வாக்குமூலம் சேகரித்தார். பத்திரிகையாளர் யூரி அவ்னேரியின் வார இதழ் விடாமல் எழுதியது. டிசம்பரில் பிரதமர் பென் குரியன் நாடாளுமன்றத்தில் சம்பவத்தைக் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று.

எருசலேமில் நடந்த ராணுவ விசாரணையில் 11 பேர் குற்றக்கூண்டில் நின்றார்கள். மேலிடத்து ஆணை என்பதே அவர்களின் வாதம். 1958 அக்டோபரில் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி அதை ஏற்க மறுத்தார். அப்பட்டமான சட்டவிரோத ஆணையின் மேல் எச்சரிக்கையாக ஒரு கறுப்புக் கொடி பறக்கும் என்றார். சட்டம் படிக்காதவருக்கும் அது தெரியும், கண் குருடாகவோ நெஞ்சு கல்லாகவோ இருந்தாலொழிய. அப்படிப்பட்ட ஆணையை நிறைவேற்றுவதே குற்றம். மூன்று ஆண்டுகள் கழித்து நாஜி அதிகாரி ஐக்மனை விசாரித்த மூவர் அமர்வில் இதே ஹலேவி இருந்தார். இஸ்ரேலிய ராணுவத்தில் இன்றும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரு நாடு தன் சொந்தப் படையினரைப் பார்த்து இப்படி ஒரு வரியைச் சட்டமாக்கியது பெரிய விஷயம்.

தண்டனைகளின் கதை வேறு. எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மலின்கிக்கு 17 ஆண்டு, தஹானுக்கு 15 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்தது, தலைமைத் தளபதி குறைத்தார், குடியரசுத் தலைவர் குறைத்தார். 1960 தொடக்கத்துக்குள் அனைவரும் வெளியே வந்துவிட்டார்கள். ராம்லே நகராட்சி தஹானுக்கு வேலை கொடுத்தது. அரேபியர் விவகாரங்களைக் கவனிக்கும் பொறுப்பு! தனியாக விசாரிக்கப்பட்ட ஷத்மி கொலைக்குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஊரடங்கு நேரத்தை அதிகாரமில்லாமல் மாற்றியதற்காகக் கண்டிப்பும் 10 ப்ரூட்டா அபராதமும். அந்நாட்டின் மிகச் சிறிய நாணயங்களில் ஒன்று. கறுப்புக் கொடி துப்பாக்கி பிடித்தவர்கள் வரை எட்டியது. ஆணை புறப்பட்ட இடத்தை அது தொடவில்லை. அந்த ஆணையைச் சாத்தியமாக்கிய ராணுவ நிர்வாகத்தைத் தொடவே இல்லை.

அந்த நிர்வாகத்தின் மீதான விவாதம் நெசெட்டில் ஆண்டுக்கு ஆண்டு சூடேறியது. அதை ஒழிக்க வேண்டும் என்று இடதுசாரிகளும் பூபர் போன்றவர்களும் கேட்டதில் புதுமை இல்லை. வலதுசாரி ஹெருத் கட்சியின் மெனாஹெம் பெகினும் கேட்டார். பிரிட்டிஷார் இதே விதிகளை ஏவியது அவருடைய தலைமறைவு இயக்கத்தின் மீதும்தான். நிலப் பிரச்சினையில் அவர் விட்டுக்கொடுக்காதவர். ஆனாலும் குடிமகனை ராணுவ அதிகாரி ஆளக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். 1963-ல் ஒழிப்புத் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. மப்பாய் கட்சியின் துணைப் பட்டியல்களில் வென்ற அரபு உறுப்பினர்கள் சிலர் அரசைக் காப்பாற்றினார்கள். அவர்களை நான் பழிக்கத் தயாரில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்த ஊர்களில் சீட்டு யாருக்குக் கிடைக்கும் என்பது யார் கையில் இருந்தது என்று பார்த்தோமே.

அரசின் அடித்தளத்தையே கேள்வி கேட்க ஒரு குடிமகனுக்கு உரிமை உண்டா? அந்த வழக்கு 1965-ல் வந்தது. 1959-ல் அரபு இளைஞர்கள் தொடங்கிய 'அல் அர்த்' இயக்கம், அதாவது 'நிலம்', முந்தைய ஆண்டு அவசரகால விதிகளின்படியே தடை செய்யப்பட்டிருந்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் வேறு பெயரில் தேர்தலில் நிற்க முனைந்தபோது தேர்தல் குழு பட்டியலை நிராகரித்தது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். தன் அழிவைத் தேடும் கட்சிக்கு இடம் தர வேண்டிய கடமை எந்த அரசுக்கும் இல்லை, யூத அரசாக இஸ்ரேல் நிலைப்பது மாற்ற முடியாத அடிப்படை என்று இருவர் சொன்னார்கள். ஹைம் கோஹன் மாறுபட்டார். ஒரு பட்டியலை இந்தக் காரணத்துக்காக நீக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை, சட்டம் தராத அதிகாரத்தை நீதிபதிகள் உண்டாக்கக் கூடாது என்றார். கோஹனின் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. குடிமகன் கையில் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டு, இந்தக் கேள்வியை மட்டும் அதில் எழுதாதே என்று சொல்வது அவரை வேறு வழிகளை நோக்கித் தள்ளும். அல் அர்த் நிறுவனர்களில் ஒருவரான வழக்கறிஞர் சப்ரி ஜிரியிஸ் 1966-ல் இஸ்ரேலிய அரேபியர்களின் நிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுதியது ஹீப்ரூவில். யூத வாசகர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச அப்போதும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. சில ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார்.

பென் குரியனுக்குப் பின் வந்த லெவி எஷ்கோல் 1966 டிசம்பர் 1 முதல் ராணுவ நிர்வாகத்தைக் கலைத்தார். விதிகள் நீக்கப்படவில்லை, அதிகாரங்கள் காவல்துறைக்கு மாறின. இருந்தாலும் கலிலேயாவின் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது சின்ன மாற்றமல்ல.

ஆறு மாதம் கழித்து, 1967 ஜூனில், மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலிய ராணுவத்தின் கைக்கு வந்தன. சுமார் பத்து லட்சம் பாலஸ்தீனர்கள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ராணுவத் தலைமைச் சட்ட அதிகாரி மேயிர் ஷம்கர், கைப்பற்றிய பகுதியை ஆள்வதற்கான ஆணைகளையும் வழிகாட்டு நூல்களையும் போருக்குப் பல ஆண்டுகள் முன்பே தயாரித்து வைத்திருந்தார். முதல் ஆணைகளிலேயே சட்டமியற்றும் அதிகாரம் முழுவதும் ராணுவத் தளபதியிடம் சேர்ந்தது. இந்த மக்களுக்குக் குடியுரிமை இல்லை, நெசெட்டில் அவர்களுக்காகத் தடையை மீறிப் போக ஒரு தூபி இல்லை. ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. ராணுவத்தின் ஆணைகளை எதிர்த்து அவர்கள் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம் என்பதை ஷம்கர் ஏற்றுக்கொண்டார். அந்த வாசலில் நுழைந்தவர்களில் நாப்லுஸ் அருகே நிலம் பறிபோன விவசாயிகளும் உண்டு. 1979-ல் எலோன் மொரே வழக்கில் அவர்கள் வென்றார்கள். அந்த வெற்றியைக் கொண்டு அரசு என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)